பிரிண்ட் எடுத்தாலும் அளவு மாறாத படிவம்: ஸ்கிரைபஸில் ஒரு பாடம்



வெப்சைட்டில் ஒரு ஃபார்ம் போடணும்னா நம்ம எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது கூகுள் ஃபார்ம்ஸ்தான். பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சுடும். ஆனா எல்லாப் படிவமும் ஸ்கிரீனிலேயே முடிந்துவிடுவதில்லை. டவுன்லோடு செய்து, ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, பேனாவால் நிரப்பி, போட்டோ ஒட்டி, கையெழுத்துப் போட்டு கவுன்டரில் கொடுக்க வேண்டிய படிவங்கள் இன்னும் நிறைய இருக்கு. அப்படி ஒரு படிவத்தை டிடிபி மென்பொருளில் அமைத்து இணையத்தில் போடுவது எப்படி என்பதுதான் இந்த இதழின் பாடம்.

படிவத்தில் தப்பு இருந்தால் கவுன்டரிலிருந்து திருப்பி அனுப்பப்படுவது அதை டிசைன் பண்ணின நாம் இல்லைங்க. ஷிஃப்டுக்கு லீவு போட்டுட்டு வந்து வரிசையில் நின்ற ஒருத்தர். அவருக்கு அன்றைய கூலியும் போச்சு, வேலையும் நடக்கலை. அதனால் மென்பொருளைத் திறப்பதற்கு முன்னாடியே சில அளவுகளை முடிவு செய்யணும்.

இரண்டு மாதிரிகள்

போத்தனூர் ஜங்ஷன் ரிசர்வேஷன் கவுன்டருக்குப் போனால் அங்கே இருக்கிற முன்பதிவுப் படிவத்தை ஒரு முறை நிதானமாகப் பாருங்க. ரயில் எண், பயணத் தேதி, வகுப்பு, ஸ்டேஷன் பெயர்கள் மேலே. பயணிகள் விவரம் நடுவில். முகவரியும் கையெழுத்தும் கீழே. ஒரு படிவத்தில் 6 பேருக்கு மேல் எழுத முடியாது. அந்த விதியைத் தேடிப் படிக்காதவருக்கும் கட்டமே அதைச் சொல்லிவிடுகிறது. நல்ல படிவத்துக்கு இதுதான் அடையாளம்: விதியை வாக்கியமாக எழுதுவதற்குப் பதிலாக இடமாகக் கொடுத்துவிடும்.

இரண்டாவது மாதிரி, நம்மில் பலர் 18 வயது ஆனதும் நிரப்பிய வாக்காளர் பதிவுப் படிவம் 6. இது ஆன்லைனிலும் இருக்கு, பிரிண்ட் எடுத்து எழுதும் பிடிஎஃப் ஆகவும் இருக்கு. பெயரை மாநில மொழியிலும் ஆங்கிலத்திலும் கேட்கும். போட்டோவுக்கு 4.5 செ.மீ. × 3.5 செ.மீ. இடம். ஒரே தகவலை ஸ்கிரீனிலும் தாளிலும் வாங்கும்போது என்னென்ன பிரச்சினை வரும்னு இதை வைத்தே யோசிக்கலாம்.

படி 1: முதலில் கணக்கு

நம்ம பயிற்சிக்கு ஒரு வேலை எடுத்துக்குவோம். வெள்ளலூர் பக்கம் என்எஸ்எஸ் மாணவர்கள் நடத்தும் மருத்துவ முகாமுக்கு ஒரு பதிவுப் படிவம் வேணும்.

ஏ4 தாள் 210 × 297 மி.மீ. இரண்டு பக்கமும் 15 மி.மீ. மார்ஜின் விட்டால் எழுத 180 மி.மீ. அகலம் கிடைக்கும். சாதாரண பிரிண்டர்கள் தாளின் ஓரம் வரைக்கும் அச்சிடாது, அதனால் மார்ஜினில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கையால் ஒரு எண் எழுத 6 மி.மீ. அகலம், 7 மி.மீ. உயரம் உள்ள கட்டம் போதும். மொபைல் எண்ணுக்கு 10 கட்டம், அதாவது 60 மி.மீ. பின்கோடுக்கு 6 கட்டம், 36 மி.மீ. ஆங்கிலப் பெயருக்கு 20 கட்டம் வைத்தால் 120 மி.மீ. மீதி 60 மி.மீ.-இல் 'பெயர்' என்ற லேபிள் வசதியாக உட்காரும். கோடு போட்ட வரிகளுக்கு இடையே 8 அல்லது 9 மி.மீ. விடுங்க. வயதானவர்கள் கொஞ்சம் பெரிதாகத்தான் எழுதுவார்கள்.

இன்னொன்று. 'ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்' என்று வெளிநாட்டு டெம்ப்ளேட்டை அப்படியே காப்பி அடிக்காதீங்க. நம்ம ஊரில் இருப்பது இனிஷியல். 'பெயர்', 'இனிஷியல்', 'இனிஷியலின் விரிவு' என்று மூன்று இடம் கொடுத்தால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

படி 2: தமிழ் எழுத்தை யார் எண்ணுவது?

'போத்தனூர்' என்பதில் எத்தனை எழுத்து? போ, த், த, னூ, ர். ஐந்து. ஆனால் கம்ப்யூட்டரைக் கேட்டால் ஒன்பது என்று சொல்லும். யூனிகோடில் ப, ஓகாரக் குறி, த, புள்ளி, த, ன, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஒவ்வொன்றும் தனிக் குறியீடு.

இதன் விளைவு என்னன்னா, தாளில் 20 எழுத்துக்கு இடம் இருக்குன்னு வெப் ஃபார்மில் மேக்ஸ்லெங்த் 20 என்று வைத்தால், தமிழில் டைப் செய்பவருக்கு ஏறக்குறைய பாதிப் பெயரிலேயே கர்சர் நின்றுவிடும். ஆங்கிலத்தில் டெஸ்ட் பண்ணினால் இந்தப் பிழை கண்ணிலேயே படாது. எழுத்தாக எண்ணணும்னா ஜாவாஸ்கிரிப்டில் 'இன்ட்டில் செக்மென்டர்' இருக்கு. அது போத்தனூருக்கு ஐந்து என்று சரியாகச் சொல்லும். அதைப் பயன்படுத்தத் தெரியலைன்னா வரம்பைத் தாராளமாக 60, 80 என்று வைத்துவிடுங்க.

தாளிலும் இதே கதைதான். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஏறக்குறைய ஒரே அகலம், கட்டத்துக்குள் அடங்கும். தமிழில் 'ர்' எங்கே, 'ணௌ' எங்கே? அதனால் தமிழ்ப் பெயருக்குக் கட்டம் போடாதீங்க. 120 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போதும்.

படி 3: ஃபான்ட்

டிடிபி கடைகளில் பேஜ்மேக்கரில் பாமினி ஃபான்ட் வைத்து வேலை செய்வதைப் பார்த்திருப்பீங்க. பாமினியில் 'தமிழ்' என்று தெரிவது ஃபைலுக்குள்ளே ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும்தான். தாளில் அச்சானால் பிரச்சினை இல்லை. அதையே வெப்பில் போட்டால் தேடலில் கிடைக்காது, காப்பி பண்ணினால் குப்பையாக வரும், பார்வையற்றவருக்காகப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரும் உளறும்.

இதற்கான விடை நம்ம கோயம்புத்தூரோடு சம்பந்தப்பட்டது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அதே மாதம்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. யூனிகோடு சரியாக வேலை செய்யாத மென்பொருளுக்கு மாற்றாக டேஸ்16 என்ற குறியீட்டையும் ஏற்றது. டேஸ்16-இல் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் உண்டு. அதில் போத்தனூர் ஐந்துதான். ஆனால் வெப்பில் ஓடுவது யூனிகோடு. எனவே நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்தா மலர் போன்ற இலவச யூனிகோடு ஃபான்ட் ஒன்றை எடுத்துக்குங்க.

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, வந்தது 2001-இல். அதில் யூனிகோடு தமிழ் வராது. இன்டிசைனில் வரும், ஆனால் பத்தி அமைப்பில் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' தேர்வு செய்யணும். நமக்குக் காசு இல்லாமல் கிடைப்பது ஸ்கிரைபஸ். பழைய 1.4 பதிப்பில் தமிழ் உடையும். 1.6 போடுங்க.

படி 4: ஸ்கிரைபஸில் அமைப்பது

1. புதிய டாக்குமென்ட், ஏ4, அலகு மில்லிமீட்டர், மார்ஜின் 15.

2. 6 × 7 மி.மீ. அளவில் ஒரே ஒரு செவ்வகம் வரையுங்க. கோட்டின் தடிமன் 0.5 பாயின்ட். அதைவிட மெல்லிசான கோடு இரண்டாவது ஜெராக்ஸில் காணாமல் போய்விடும்.

3. ஐட்டம் மெனுவில் 'மல்டிபிள் டூப்ளிகேட்' போய், 6 மி.மீ. நகர்த்தி 9 நகல் கேளுங்க. மொபைல் எண்ணுக்கான 10 கட்டம் ஒரே நிமிஷத்தில் ரெடி. கையால் ஒவ்வொன்றாக அடுக்க வேண்டாம்.

4. லேபிளுக்கு ஒரு ஸ்டைல், குறிப்புக்கு ஒரு ஸ்டைல் என்று இரண்டே வைத்துக்குங்க. லேபிள் 11 பாயின்ட்டுக்குக் குறைய வேண்டாம்.

5. பின்னணியில் கலர், சாம்பல் ஷேடு எதுவும் வேண்டாம். ஜெராக்ஸில் அது கறுப்புப் புள்ளியாக மாறி எழுத்தை மறைக்கும்.

6. பிடிஎஃப் ஆக எக்ஸ்போர்ட் செய்யும்போது ஃபான்ட்டுகளை 'எம்பெட்' செய்யுங்க. 'அவுட்லைன்' கொடுத்தால் எழுத்து படமாகிவிடும், யூனிகோடு போட்ட பலன் போயிடும்.

ஸ்கிரைபஸில் டைப் செய்யக்கூடிய பிடிஎஃப் ஃபீல்டுகளும் வைக்கலாம். ஆனால் அதற்குள் தமிழில் டைப் செய்தால் பல ரீடர்களில் எழுத்து உடையும். ஆகவே தாள் படிவம் பேனாவுக்கு, ஸ்கிரீனில் நிரப்ப தனி வெப் ஃபார்ம் என்று பிரித்துக்கொள்வதே நல்லது. இரண்டிலும் கேள்விகளின் வரிசை மட்டும் ஒன்றாக இருக்கணும்.

படி 5: ஜெராக்ஸ் கடை டெஸ்ட்

பிரிண்டர் செட்டிங்கில் தாள் 'லெட்டர்' என்று இருந்தால் அதன் உயரம் 279 மி.மீ. மட்டுமே. 'ஃபிட் டு பேஜ்' போட்டதும் 297 மி.மீ. படிவம் சுமார் 94 சதவீதத்துக்குச் சுருங்கும். 35 மி.மீ. போட்டோ கட்டம் 33 ஆகிவிடும். ஒட்டும் போட்டோ அப்படியே 35 தான். பக்கத்தில் இருக்கிற எழுத்தை அது மறைத்துவிடும்.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கு. படிவத்தின் அடியில் சரியாக 50 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு வரைந்து, 'இந்தக் கோடு 5 செ.மீ. இருக்க வேண்டும். பிரிண்ட் எடுக்கும்போது ஆக்சுவல் சைஸ் என்று சொல்லவும்' என எழுதிவிடுங்க. ஸ்கேல் வைத்தால் இரண்டு நொடியில் தெரிந்துவிடும்.

அப்புறம் வெப்சைட்டில் லிங்க் கொடுக்கும்போது வெறும் 'இங்கே கிளிக் செய்யவும்' என்று போடாமல், 'மருத்துவ முகாம் படிவம், 1 பக்கம், ஏ4, பிடிஎஃப்' என்று எழுதுங்க. கடைக்காரரிடம் எத்தனை பக்கம் என்று முன்கூட்டியே சொல்ல அது உதவும்.

கடைசியாக, வெளியிடுவதற்கு முன் ஐந்து பிரதி எடுத்து வீட்டில் அம்மா, தாத்தா, பக்கத்து வீட்டு அக்கா என்று கொடுத்து நிரப்பச் சொல்லுங்க. நீங்க எதுவும் விளக்கக் கூடாது. அவர்கள் எங்கே பேனாவை நிறுத்தி 'இங்க என்ன எழுதறது கண்ணு?' என்று கேட்கிறார்களோ, அந்த இடத்தைத் திருத்துங்க. கேள்வி வராத வரைக்கும் இதைத் திரும்பச் செய்யுங்க. அதுக்கப்புறம் அப்லோடு பண்ணினால் போதும்.