பல்லும் கண்ணாடியும் பாராளுமன்றமும்

தோற்றுவாய்

பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் அரசு கட்டணம் விதித்தது; அதைப் பொறுக்காமல் ஓர் அமைச்சர் பதவியைத் துறந்தார். எங்கள் அரசியல் பேராசிரியர் ஒருநாள் இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களுள் நானும் ஒருவன். அவர் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்துவிட்டு, "தொகை சிறியது என்று சிரிக்கிறீர்களா? பல் என்பதால் சிரிக்கிறீர்களா?" என்று கேட்டார். எங்களிடம் விடை இல்லை. அந்த விடையைத் தேடி நூலகத்தில் நான் கழித்த சில மாலைப் பொழுதுகளின் பயனே இக்கட்டுரை. நான் கண்டதை மாணவ நண்பர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்கிறேன். குறை இருப்பின் பொறுத்தருள்க.

வரியும் கட்டணமும்

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். வரி என்பது பொதுச் செலவுக்காக மக்களிடமிருந்து கட்டாயமாகப் பெறுவது. இன்னார் கொடுத்ததற்கு இன்ன பயன் என்று கணக்குக் காட்ட வேண்டியதில்லை. கட்டணம் என்பது குறிப்பிட்ட ஒரு பணிக்காக, அப்பணியால் பயன் பெறுபவரிடமிருந்து பெறுவது. நம் அரசியலமைப்பும் இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொண்டுள்ளது. பணிக்குக் கட்டணம் விதிக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒரு மசோதா நிதி மசோதா ஆகிவிடாது என்று 110ஆம் பிரிவு கூறுகிறது.

இதைப் பற்றிய புகழ்பெற்ற தீர்ப்பு ஒன்று நம் மாநிலச் சட்டத்தை ஒட்டியே பிறந்தது. 1951ஆம் ஆண்டின் சென்னை இந்து சமய அறநிலையச் சட்டம், கோயில்களும் மடங்களும் ஆண்டுதோறும் அரசுக்கு ஒரு தொகை செலுத்த வேண்டும் என்றது. சிரூர் மடத்து வழக்கில் 1954இல் உச்சநீதிமன்றம் அதை ஆராய்ந்தது. வசூலாகும் தொகைக்கும் செய்யப்படும் பணிக்கும் தொடர்பு காட்டப்படாததால் அது கட்டணம் அன்று, வரியே என்று தீர்ப்பளித்தது. அத்தொடர்பு இம்மி பிசகாமல் இருக்க வேண்டியதில்லை என்று 1983இல் அதே நீதிமன்றம் கூறியது. எனினும், கொடுப்பதற்கும் பெறுவதற்கும் ஓர் உறவு வேண்டும் என்ற கருத்து நிலைத்துவிட்டது.

சட்டத்தில் இப்படி வகுத்துவிடலாம். அரசியலில் அது அவ்வளவு எளிதன்று. பாலத்தில் வண்டி ஓட்டுபவர் பயன் பெறுகிறார், கட்டணம் தருகிறார். நோயாளி பெறுவது பயனா, அல்லது இழந்ததை மீட்கும் முயற்சியா? பல் விழுந்தவர் புதுப்பல் கட்டிக்கொள்வது இலாபம் ஆகுமா? பிரிட்டனின் பாராளுமன்றத்தை 1951ஆம் ஆண்டு உலுக்கிய கேள்வி இதுதான்.

இலவச மருத்துவம் பிறந்த கதை

பிரிட்டனின் தேசிய மருத்துவப் பணி 1948 ஜூலை 5ஆம் நாள் தொடங்கியது. அதை உருவாக்கியவர் அட்லி அமைச்சரவையில் சுகாதார அமைச்சராக இருந்த அனைரின் பெவன். வேல்சு நாட்டின் திரெடிகர் என்னும் சுரங்க ஊரில் 1897இல் பிறந்தவர். பதின்மூன்றாம் வயதில் நிலக்கரிச் சுரங்கத்துள் இறங்கியவர். அவ்வூர்த் தொழிலாளர்கள் கூலியில் சிறு பங்கைச் சேர்த்து ஒரு மருத்துவ உதவிச் சங்கம் நடத்தி வந்தனர். உடல் நலமாக இருக்கும்போது எல்லாரும் கொடுப்பது, நோயுற்றபோது எவரும் கொடுக்காமல் பெறுவது என்பதே அதன் முறை. நாடு முழுவதற்கும் பெவன் விரித்தது இந்த முறையைத்தான்.

பணி தொடங்கியதும் கூட்டம் அலைமோதியது. முதல் ஆண்டிலேயே ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மூக்குக்கண்ணாடிகள் வழங்கப்பட்டன. இதைச் சிலர் வீண் ஆசை என்றனர். கடைத்தட்டில் கிடந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஓரளவு தெரிந்ததை வாங்கிச் சென்ற ஏழைகளுக்கு, முதன்முதலாக மருத்துவர் சோதித்துக் கொடுத்த கண்ணாடி அது. பலகாலம் தேங்கியிருந்த துன்பம் ஒரே ஆண்டில் வாசலுக்கு வந்து நின்றது என்பதே பொருத்தம். ஆனால் செலவு மதிப்பீட்டை மிஞ்சியது. அரசு துணை மானியக் கோரிக்கையோடு பாராளுமன்றத்தின் முன் நிற்க நேர்ந்தது.

இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் வரை கட்டணம் விதிக்க இடமளிக்கும் சட்டம் 1949இல் நிறைவேறியது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் பெவனே! அதிகாரம் ஏட்டில் இருக்கட்டும், கையாளாமல் தடுத்துவிடலாம் என்று அவர் கருதினார் போலும். தொழிற்கட்சி அரசு அதைக் கையாளவில்லை என்பது உண்மை. ஆயினும் பிற்காலத்தில் எதிரிகள் அவர்மீது வீச, அவர் கையாலேயே ஒரு கல் எடுத்துக் கொடுக்கப்பட்டிருந்தது.

1951 ஏப்ரல்

1950 ஜூனில் கொரியப் போர் மூண்டது. மூன்றாண்டுகளில் 4,700 மில்லியன் பவுன் செலவில் படைபலத்தைப் பெருக்குவதென 1951 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. பணத்துக்கு எங்கே போவது? புதிய நிதியமைச்சர் ஹியூ கெயிட்ஸ்கல் ஏப்ரல் 10ஆம் நாள் வரவு செலவுத் திட்டத்தை அவையில் வைத்தார். வருமான வரி விகிதத்தைப் பவுனுக்கு 9 ஷில்லிங்கிலிருந்து 9 ஷில்லிங் 6 பென்சாக உயர்த்தினார். மருத்துவப் பணியின் செலவுக்கு 400 மில்லியன் பவுன் என்று வரம்பு கட்டினார். அந்த வரம்புக்குள் நிற்பதற்காக, பொய்ப்பல்லுக்கும் கண்ணாடிக்கும் ஆகும் செலவில் ஏறத்தாழப் பாதியை மக்களே தர வேண்டும் என்றார். இதனால் அந்த ஆண்டில் 13 மில்லியனும், முழு ஆண்டுக் கணக்கில் 23 மில்லியனும் மிச்சமாகும் என்பது மதிப்பீடு.

இந்தக் கணக்கைச் சற்று எண்ணிப் பாருங்கள். 400 மில்லியனில் 13 மில்லியன் என்பது நூற்றுக்கு மூன்றேகால். படைச் செலவின் ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இவ்வளவு சிறு தொகைக்காக ஓர் அரசு தன் மூத்த அமைச்சரை இழக்கத் துணிவானேன்? இவ்வளவு சிறு தொகைக்காக ஓர் அமைச்சர் தம் அரசை விட்டு வெளியேறுவானேன்? தொகை சிறிது என்ற வாதம் இரு பக்கமும் வெட்டும் கத்தி என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அப்போது தொழிலாளர் துறை அமைச்சராக இருந்த பெவன் ஏப்ரல் 22இல் பதவி விலகினார். வாணிப அமைச்சர் ஹரால்ட் வில்சனும், இணை நிலையிலிருந்த ஜான் ஃபிரீமனும் அவரோடு வெளியேறினர். பிரதமர் அட்லியோ மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். முந்தைய ஆண்டுத் தேர்தலில் அரசுக்குக் கிடைத்த பெரும்பான்மை ஐந்தே இடம்.

இரு தரப்பு வாதங்கள்

கெயிட்ஸ்கல் கல்நெஞ்சர் அல்லர். பொருளியல் விரிவுரையாளராகப் பணியாற்றியவர் கேட்கக்கூடிய கேள்வியை அவர் கேட்டார். பணம் அளவுக்குட்பட்டது, தேவைகள் பல. அதே வரவு செலவுத் திட்டத்தில் முதியோர் ஓய்வூதியத்தையும் அவர் உயர்த்தியிருந்தார். எல்லாவற்றையும் எல்லாருக்கும் இலவசமாகத் தந்தால், மிகத் தேவைப்படுவோருக்குத் தரப் பணம் இராது என்பது அவர் வாதம். குழந்தைகளுக்கு விலக்கு உண்டு. அரசு உதவி பெறும் வறியவருக்குத் தொகையைத் திருப்பித் தரவும் வழி உண்டு. பின் யாருக்கு இழப்பு என்று அவர் தரப்பினர் கேட்டனர்.

பெவன் ஏப்ரல் 23ஆம் நாள் அவையில் விளக்கம் அளித்தார். அவர் வாதம் இரண்டு படிகளாக அமைந்தது. முதலாவது, படைக்கென ஒதுக்கிய அவ்வளவு பணத்தையும் செலவிடவே முடியாது. மூலப்பொருளும் பொறிகளும் கிடைக்கமாட்டா. செலவாகாத பணத்துக்காக நோயாளியிடம் கைநீட்டுவதா? இரண்டாவது, இலவசம் என்ற கோட்பாட்டில் ஒருமுறை உடைப்பு ஏற்பட்டால் அது அங்கேயே நிற்காது. இன்று பல்லும் கண்ணாடியும் என்றால், அடுத்துப் பிறவும் வரிசையில் நிற்கும்.

அவர் பேச்சை அவை வரவேற்கவில்லை. சொந்தக் கட்சியினரே முகம் சுளித்தனர். நிதியமைச்சர் பதவி தமக்குக் கிடைக்காத கசப்பு பேசுகிறது என்று பலர் கருதினர். அதில் ஓரளவு உண்மை இருந்திருக்கவும் கூடும். ஆனால் பேசியவரின் மனக்கசப்பு ஒன்று. பேச்சின் உண்மை வேறொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது விவாத மேடைகளில் நாமும் அடிக்கடி செய்யும் பிழை. மசோதா மே மாதத்தில் சட்டமாயிற்று.

காலம் அளித்த விடை

அதே ஆண்டு அக்டோபரில் தேர்தல் வந்தது. பழமைக் கட்சி வென்றது. பிரதமரான சர்ச்சில், படைத் திட்டத்தை மூன்றாண்டுக்குள் முடிக்க இயலாது என்று டிசம்பரில் அவையில் ஒப்புக்கொண்டார். இந்த ஒன்றில் பெவன் சொன்னது சரியாகப் போயிற்று என்று அரைமனத்தோடு பாராட்டவும் செய்தார்.

பெவனின் இரண்டாம் கணிப்பும் விரைவிலேயே மெய்யாயிற்று. 1952 ஜூனில் மருந்துச் சீட்டு ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம் வந்தது. பல் சிகிச்சைக்கு ஒரு பவுன் வரை கட்டணம் வந்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் தயாராக இருந்ததால் மருந்துக் கட்டணத்துக்குக் கதவைத் தட்ட வேண்டிய தேவையே இல்லை. சாவி பூட்டிலேயே தொங்கியது. 1956இல் அது சீட்டுக்கு ஒரு ஷில்லிங் என்பதிலிருந்து மருந்து ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் என மாறியது. 1961இல் இரண்டு ஷில்லிங் ஆயிற்று.

பணியின் செலவு உண்மையிலேயே கட்டுமீறியதா? இதை ஆராய அமைந்த கில்போ குழு 1956இல் அறிக்கை தந்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் மருத்துவப் பணிக்கான பங்கு 1949-50இல் நூற்றுக்கு மூன்றே முக்காலாக இருந்து, 1953-54இல் மூன்றேகாலாகக் குறைந்திருந்ததை அது காட்டியது. வீண் செலவு என்ற கூச்சலுக்கு அங்கே ஆதாரம் கிட்டவில்லை.

இக்கதையில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த கட்டம் இனிமேல்தான். 1951இல் பெவனோடு வெளியேறிய வில்சன் 1964இல் பிரதமரானார். 1965 பிப்ரவரியில் மருந்துக் கட்டணத்தை அறவே நீக்கினார். பெவன் அப்போது உயிரோடு இல்லை, 1960இலேயே மறைந்துவிட்டார். 1967 நவம்பரில் பவுனின் மதிப்பைக் குறைக்க நேர்ந்தது. செலவைச் சுருக்க வேண்டிய நெருக்கடி வந்தது. 1968 ஜூனில் அதே வில்சன் அரசு, மருந்து ஒன்றுக்கு இரண்டரை ஷில்லிங் என்று கட்டணத்தை மீண்டும் கொண்டுவந்தது. பெவனின் மனைவி ஜென்னி லீ அந்த அரசில் அமைச்சராக இருந்தார். குழந்தைகள், முதியோர், கருவுற்ற பெண்கள், சில நீண்டகால நோயாளிகள் ஆகியோருக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

அந்த விலக்குப் பட்டியல் பிறகு நீண்டுகொண்டே வந்தது. இங்கிலாந்தில் 2024 மே முதல் மருந்து ஒன்றுக்குக் கட்டணம் 9.90 பவுன், ஆனால் வழங்கப்படும் மருந்துகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது கட்டணமின்றியே போகின்றன. வேல்சு 2007இலும், வட அயர்லாந்து 2010இலும், ஸ்காட்லாந்து 2011இலும் மருந்துக் கட்டணத்தையே ஒழித்துவிட்டன. கட்டணத்தை முதலில் ஒழித்தது பெவன் பிறந்த மண் என்பது குறிப்பிடத்தக்கது.

நாம் கற்பன

இவ்வரலாற்றிலிருந்து நான் கற்றவை மூன்று.

ஒன்று, கட்டணம் பற்றிய விவாதத்தில் தொகையை மட்டும் பார்த்தால் போதாது. அதிகாரம் எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். சட்டம் வாசலைத் திறக்கிறது. பின்னர் அதன்கீழ் எழுதப்படும் விதிகள் தொகையை ஏற்றிக்கொண்டே போகின்றன. சட்டம் வரும்போது அவை நிறைந்திருக்கும். விதி வரும்போது நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். விழிப்போடு இருக்க வேண்டிய இடம் வாசல்தான். 1949இல் பெவன் அங்கே அசந்துவிட்டார்.

இரண்டு, விலக்கு என்பது ஏழைக்குக் காப்பு மட்டுமன்று. அது ஒரு சோதனையும் ஆகும். விலக்குப் பெற, "நான் ஏழை" என்று சாளரத்தின் முன் நின்று சொல்ல வேண்டும். சான்று காட்ட வேண்டும். சொல்லக் கூசுபவர் மருந்தின்றித் திரும்புவார். எந்தக் கணக்கேட்டிலும் அவர் பெயர் ஏறாது. மறுபுறம், விலக்கே இல்லாத இலவசம் வரியைப் பெருக்கும். அந்த வரி யார் தலையில் விழுகிறது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும். இலவசம் என்று ஒன்று இல்லை. முன்னரே எல்லாரும் கொடுத்துவிட்டோமா, பின்னர் நோயாளி மட்டும் கொடுக்கிறாரா என்பதே வேறுபாடு.

மூன்று, கொள்கையில் உறுதியானவரும் ஆட்சியில் அமர்ந்தபின் வளைய நேரிடலாம். 1951இன் வில்சனையும் 1968இன் வில்சனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அவரைப் பொய்யர் என்று ஒதுக்குவது எளிது. இரண்டு ஆண்டுகளிலும் அவர் முன்னிருந்த கணக்கேட்டைப் படித்த பிறகு அவ்வளவு எளிதாக என்னால் சொல்ல முடியவில்லை.

முடிவுரை

பேராசிரியர் கேட்ட கேள்விக்கு இப்போது என்னால் விடை கூற முடியும். அன்று தொகை சிறிது என்பதாலும் சிரித்தோம். பல் என்பதாலும் சிரித்தோம். பல் இருந்ததால் சிரித்தோம் என்பதே உண்மை. வாயை மூடிக்கொண்டு பேசப் பழகிய ஒரு சுரங்கத் தொழிலாளிக்கு, கூலியைச் சேர்த்துவைத்தும் பல் கட்ட முடியாத ஒரு தாய்க்கு, அந்தப் பாதித் தொகை சிரிப்புக்குரியதாக இருந்திராது.

கெயிட்ஸ்கலின் கணக்கில் பிழை இருந்ததாக நான் கூறவில்லை. ஆயினும், பெருஞ்செலவு ஒன்று வரும்போது முதலில் யாரிடம் கேட்பது என்ற வரிசையில் அவர் நோயாளியை முன்னே நிறுத்திவிட்டார் என்றே எனக்குப் படுகிறது. நாளை நம்முள் சிலர் சட்டமன்றத்திலோ அலுவலகத்திலோ அமர்ந்து இத்தகைய கோப்புகளில் கையெழுத்திடக்கூடும். அப்போது தொகையைப் படிப்பதற்கு முன் அந்த வரிசையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதே நான் வேண்டிக்கொள்வது.