பழைய லேப்டாப்புக்கு ராம் வாங்கும் முன்

ராம் கூட்டினால் கேம் நன்றாக ஓடுமா என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கேம் எப்படித் தடுமாறுகிறது? தொடக்கத்திலிருந்தே மெதுவாக ஓடுகிறதா, இல்லை நன்றாக ஓடிக்கொண்டே வந்து, புதிய இடத்துக்குள் நுழைந்ததும் ஓரிரு நொடி அப்படியே உறைந்துவிடுகிறதா? உறைந்தால் பெரும்பாலும் ராம் பற்றாக்குறைதான். இடம் தீர்ந்ததும் விண்டோஸ் ராமில் இருப்பதை டிஸ்க்குக்குத் தள்ளும். அது பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் திரும்ப எடுத்து வர நேரமாகும். கேமை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க்கும் 100-ஐத் தொட்டு நின்றால் சந்தேகமே வேண்டாம், ராம் வாங்கலாம்.

தொடக்கத்திலிருந்தே மெதுவாக ஓடினால்? தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப்பில் ராம் அவ்வளவாக உதவாது. கார்டின் சொந்த நினைவகத்தை நாம் கூட்ட முடியாது. ஆனால் ஐ5-8250யூ போன்ற பிராசஸருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கும் லேப்டாப்புகளின் கதை வேறு. அவற்றில் கிராஃபிக்ஸுக்கென்று தனி நினைவகம் கிடையாது, ராமிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இவற்றில் பல, ஒரே ஒரு ராம் ஸ்டிக்கோடு விற்பனைக்கு வந்தவை. பிராசஸருக்கு ராமோடு பேச இரண்டு சேனல் இருந்தும் ஒன்று சும்மா கிடக்கிறது. இரண்டாவது ஸ்லாட்டில் ஒரு ஸ்டிக் போட்டால் தரவு போகும் பாதை 64 பிட்டிலிருந்து 128 பிட் ஆகிவிடும். ஃப்ரேம் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும்படி ஏறுவது இந்த வகை லேப்டாப்பில்தான். அதனால் ஒரே 16 ஜிபி ஸ்டிக்கைவிட இரண்டு 8 ஜிபி நல்லது என்பேன். ஏற்கெனவே 4 இருந்து, கூட 8 போட்டாலும் மோசமில்லை. அந்த 12-இல் 8 ஜிபி வரை இரட்டைச் சேனலில் இயங்கும்.

எந்த ராம் என்பதை ஊகித்து வாங்காதீர்கள். டிடிஆர்3-க்கு 204 பின், டிடிஆர்4-க்கு 260. ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. ஏமாற்றுவது டிடிஆர்3-உம் டிடிஆர்3எல்-உம்தான். இரண்டும் ஒரே ஸ்லாட்டில் பொருந்தும். ஆனால் முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35. இன்டெல் நான்காம் தலைமுறை முதல் டிடிஆர்3எல் கேட்கும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் ஸ்டிக்கைப் போட்டால் திரையே வராமல் போகலாம். இருக்கும் ஸ்டிக்கின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வேகம் கூடிய ஸ்டிக்குக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். இரண்டு ஸ்டிக்கும் மெதுவானதன் வேகத்தில்தான் ஓடும். சில மெல்லிய மாடல்களில் ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், ஸ்லாட்டே இருக்காது. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் இதைப் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

மாட்டுவது கடினமில்லை. சார்ஜரைக் கழற்றி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள். ஸ்டிக்கைச் சாய்வாக முழுவதும் செருகி, கிளிப் பூட்டும் வரை அழுத்துங்கள். முதல் முறை ஆன் செய்யும்போது திரை சிறிது நேரம் கறுப்பாகவே இருக்கலாம்; புது ராமைச் சோதித்துப் பழகிக்கொள்கிறது, அவசரப்பட்டு அணைக்காதீர்கள். அன்று இரவே விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குங்கள். பில்லை அதுவரை பத்திரமாக வையுங்கள்.