பங்கு நிலத்துக்கு, வெள்ளாமைக்கு வேண்டாம்

அன்புள்ள பேரனுக்கு,

அப்பிச்சி எழுதுவது. உன் மஞ்சள் நோட்டைப் பக்கம் விடாமல் படித்தேன். குழித்தட்டு நாற்று நட்ட பாத்தி, விரலியை நேரே ஊன்றிய பாத்தி என்று பிரித்து, விதைச் செலவையும் ஆள்கூலியையும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறாய். கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொன்ன முறைதான் என்றாலும், அவர்கள் மண் வேறு, உன் மண் வேறு. உன் தோட்டத்தில் அது என்ன செய்யும் என்பதை நீயே பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். இதுவும் ஆராய்ச்சிதான். அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்படாதே.

நோட்டில் திருத்த வேண்டியவை இரண்டு கண்ணில் பட்டன. நாற்றுப் பாத்தியைக் கிணற்றோரம் போட்டிருக்கிறாய். அங்கே மண்ணும் ஈரமும் எப்போதுமே நல்லவை. விளைச்சல் கூடினால் அது நாற்றால் கூடியதா, இடத்தால் கூடியதா என்று எப்படிச் சொல்வாய்? அடுத்த வைகாசியில் மேட்டிலும் பள்ளத்திலும் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் நடு. பச்சை எடையை வைத்தும் முடிவு கட்டாதே. வேக வைத்து, காய வைத்து, பாலீஷ் போட்ட பிறகு நிற்கிற எடைக்குத்தான் ஈரோட்டில் ஏலம் கேட்பார்கள். பச்சை மஞ்சளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் காய்ந்து தேறும், அதுவும் ரகத்துக்கு ரகம் மாறும்.

போன வருசத்தோடு இந்த வருசத்தை ஒப்பிடுவது நம் பக்கத்தில் சரிப்படாது. கீழ்பவானி ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். அதில் ஒரு பாதியில் நெல்லுக்கும் மறுபாதியில் புஞ்சைப் பயிருக்குமாகத் தண்ணீரை முறை மாற்றி விடுகிறார்கள். வாய்க்காலில் எந்த முறை ஓடுகிறதோ அதைப் பொறுத்துக் கிணற்று மட்டமும் ஏறி இறங்கும். ஆகவே ஒரே வருசத்துப் பாத்திகளை ஒப்பிடு. வருசத்தோடு வருசத்தை ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், அதே முறை திரும்பி வரும் வருசத்தோடு ஒப்பிடு.

இனி நீ கேட்ட காரியத்துக்கு வருகிறேன். தோட்டத்தை உன் பேருக்கு எழுதித் தரச் சொல்லி உன் அப்பாவிடம், என் மாப்பிள்ளையிடம், நான் பேச வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். இப்போதைக்குப் பேச மாட்டேன். மஞ்சளுக்கு இத்தனை பக்கம் கணக்கு எழுதியவன், தோட்டம் கைமாறுவதைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுதவில்லையே கண்ணு. பூச்சி விழுந்து அழிந்த பண்ணையம் அடுத்த பட்டத்தில் எழுந்துவிடும். பங்கு வழக்கில் மாட்டிய பூமி தரிசாகக் கிடப்பதை நம் சுற்றுவட்டாரத்திலேயே நீ பார்க்கிறாய்.

முதலில் உன் அக்காள். அந்தப் பூமி உன் அப்பாருக்கும் அவருடைய அப்பன் வழியில் வந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று 1989-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அதற்கு முன்பே கல்யாணமானவர்கள் அதில் விடுபட்டார்கள். 2005-ல் மத்தியச் சட்டம் அந்த வேற்றுமையையும் எடுத்தது. அந்தத் திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை, மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. நகை போட்டோம், சீர் செய்தோம் என்று கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கைச் சட்டம் ஏற்பதில்லை, நானும் ஏற்பதில்லை. அவளை வைத்துக்கொண்டு பேசாத எந்தப் பேச்சும் இதில் பேச்சே இல்லை.

பங்கு கொடுத்தால் தோட்டம் துண்டாகிவிடுமே என்று உனக்குப் பயம் இருக்கும். பயம் நியாயமானதுதான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு விவசாயிக்குச் சராசரியாக 0.75 எக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அதையும் இரண்டாக வெட்டினால் டிராக்டர் திரும்பவே இடம் இருக்காது. ஆனால் பூமி யாருக்குச் சொந்தம் என்பது வேறு, அதில் யார் வெள்ளாமை செய்வது என்பது வேறு. சொந்தத்தைப் பங்கு போடலாம், வெள்ளாமையைப் பங்கு போட வேண்டியதில்லை. உன் அம்மாவுக்கு இங்கே ஒன்றரை ஏக்கர் பங்கு உண்டு. பட்டாவும் அவள் பேரில்தான். நடுவே வேலி கிடையாது. உன் மாமன் மொத்தத்தையும் ஒன்றாக உழுகிறான், வருசா வருசம் அவளுக்குக் குத்தகை கொடுக்கிறான். சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு இருவரும் ஆளுக்கொரு நகல் வைத்திருக்கிறார்கள். கூடப்பிறந்தவர்களுக்குள் சீட்டு எதற்கு என்று உறவில் சிலர் முகம் சுளித்தார்கள். அந்தச் சீட்டு இருப்பதால்தான் பண்டிகைக்கு வந்தால் அவர்கள் பணத்தைப் பற்றிப் பேசாமல் சாப்பிட முடிகிறது.

அடுத்தது கிணறு. சண்டை பெரும்பாலும் நிலத்தில் வருவதில்லை, தண்ணீரிலும் தடத்திலும்தான் வருகிறது. உங்கள் கிணற்றில் பெரியப்பா வீட்டுக்கும் பாதி உண்டு. யாருக்கு எந்தெந்த நாள் முறை, மோட்டார் பழுதானால் செலவு எப்படி, ஆழப்படுத்தினால் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதெல்லாம் பெரியவர்கள் வாய்ச்சொல்லாகத்தான் இருக்கிறது. மின் இணைப்பு இன்னும் உன் அப்பாரு பேரில் என்று உன் அம்மா சொன்னாள். அதை மாற்ற வாரிசுச் சான்றும் மற்றப் பங்காளிகளின் சம்மதமும் கேட்பார்கள். சம்மதம் சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் இருக்கும்போதே முடித்துவிடு. வண்டித்தடம் எந்த வரப்பு வழியாகப் போகிறது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும், இதையும் அப்பாவை நடத்திக் கூட்டிப்போய்க் கேட்டு எழுது. புலப்படத்தில் இதெல்லாம் இருக்காது. பட்டா, வில்லங்கம், மூலப் பத்திரம் மூன்றையும் ஒரே கோப்பில் சேர்த்து வை. பேர் பிழையோ பரப்புப் பிழையோ இருந்தால் இப்போதே மனு கொடு.

உன் அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவருக்கு ஓய்வூதியம் என்று எதுவும் இல்லை, அந்தத் தோட்டம்தான் ஓய்வூதியம். எழுதிக் கொடு என்று மகன் கேட்கும்போது, நாளை மருந்துக்கும் இவனிடம்தான் கை நீட்ட வேண்டுமோ என்ற எண்ணம் அவருக்கு வரத்தான் செய்யும். வாய்விட்டுச் சொல்ல மாட்டார், நாற்றைப் பற்றிக் குறை சொல்வார். ஆகவே பத்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அப்பா அம்மா செலவுக்கு மாதம் என்ன, எந்த வருமானத்திலிருந்து என்று முடிவு செய். தென்னை வருமானம் முழுக்க அவர்களுக்கு என்று வைத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

பத்திர வகையும் தெரிந்துகொள். உயில் எழுதினால் அவர் காலத்துக்குப் பிறகுதான் செல்லும், நடுவில் மாற்றியும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் கட்டாயம். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுவது நல்லது. ஆனால் பூர்வீகச் சொத்தில் அவருடைய பங்கைத்தான் அவர் உயிலில் எழுத முடியும். தான செட்டில்மெண்ட் பதிந்த அன்றே கைமாறிவிடும், நினைத்தால் திரும்ப வாங்க முடியாது. அப்படி எழுதுவதானால் பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீயே கேட்டு எழுதச் சொல். அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க 2007-ஆம் வருசத்துச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதை நீ கேட்டு எழுதினால் உன் அப்பாவின் பயம் பாதி போய்விடும்.

அதுவரை அப்பாவிடம் பூமியைக் கேட்காதே, பொறுப்பைக் கேள். மேற்கால் காட்டை மூன்று வருசம் முழுக்க உன்னிடம் விடச் சொல். என்ன பயிர், எந்த ஆள், எந்த விலைக்கு விற்பது, எல்லாம் உன் முடிவு. லாபமும் நட்டமும் உன்னுடையது. வரவு செலவை அமாவாசைக்கு அமாவாசை அவர் முன்னால் வாசித்துக் காட்டு. கேட்டால் அவர் யோசனை சொல்லட்டும், கேட்காமல் தலையிட வேண்டாம் என்று அவரிடம் நான் சொல்கிறேன். நான் பேச வேண்டிய பேச்சு அதுதான்.

தை பிறந்தால் மஞ்சள் வெட்டு வந்துவிடும், அப்புறம் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. மார்கழி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காளையும் அவள் வீட்டுக்காரரையும் வரச் சொல். பெரியப்பாவையும் கூப்பிடு. நாள் எது என்று எனக்குப் போன் செய், நானும் அம்மாயியும் முதல் நாளே வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
அப்பிச்சி