காலையில் இறங்கும் கூலன்ட்

கேள்வி: சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து வீடு சேர்ந்தால் கூலன்ட் டப்பாவில் மட்டம் ஏறியிருக்கிறது, காலையில் இறங்கிவிடுகிறது. எங்காவது ஒழுகுகிறதா?
– வாசகர், பெங்களூரு

பதில்: பயப்படாதீர்கள், அதன் இயல்பே அதுதான். சூட்டில் விரியும் கூலன்ட், ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு டப்பாவுக்கு வரும். எஞ்சின் ஆறியதும் மூடியின் நடுவிலுள்ள குட்டி வால்வு திறக்க, ரேடியேட்டர் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

மூடியின் பெரிய வேலை அழுத்தத்தைப் பிடித்து வைப்பது. கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கும் உங்கள் ஊரில், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைத் தாங்கினால் கொதிநிலை 120ஐ ஒட்டிப் போகும். அதனால்தான் சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால் பீறிட்டு முகத்தில் அடிக்கிறது.

மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்பு படியும். ஆறிய எஞ்சினிலும் மட்டம் நாளுக்கு நாள் குறைந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.