ஜிகினாவும் பாசிமணியும் கலையாகுமா?

கேள்வி: பாரிஸ் ஃபேஷன் உடைகளை ஓவியத்துக்குச் சமமாகப் பேசுகிறார்களே, ஜிகினாவும் பாசிமணியும் கலையாகுமா? (வாசகி, திருச்சி)

பதில்: தாராளமாக ஆகும். 1937-இல் ஆடை வடிவமைப்பாளர் எல்சா ஸ்கியாபரெல்லிக்காகக் கவிஞர் ழான் காக்தோ வரைந்து தந்த மேலங்கியைப் பாருங்கள். முதுகில் எதிரெதிரே இரண்டு முகங்கள். இன்னொரு முறை பார்த்தால் அவற்றின் இடைவெளியே ஒரு பூச்சாடி. அதிலிருந்து தோள்வரை பொங்கி நிற்பவை துணியால் செய்த ரோஜாக்கள். இன்று அது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காக்தோவின் கோடுகளுக்கு உயிர் கொடுத்தது லெசாஜ் எம்பிராய்டரிக் கூடம்.

1988-இல் வான்கோவின் ஐரிஸ் மலர்களை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரானின் ஜாக்கெட்டில் பூக்க வைத்ததும் அதே கூடம்தான். ஒரு ஜாக்கெட்டுக்குச் சுமார் 600 மணிநேர வேலை! தூரிகையின் ஒவ்வொரு இழுப்பும் ஜிகினாவாகவும் மணியாகவும் மாறியிருக்கிறது.

இந்த வேலை நடக்கும் விதம்தான் என்னை மிகவும் வியக்க வைக்கிறது. துணியைச் சட்டத்தில் விறைப்பாகக் கட்டி, பின்பக்கமிருந்து கொக்கி ஊசியால் தைக்கிறார்கள். நூலில் முன்பே கோத்த மணிகள் அடியில் போய் உட்காரும். முகப்பைக் காணாமலேயே கை ஓடும். நம் ஊர்க் கல்யாண ரவிக்கைகளின் ஆரி வேலைக்கு இது நெருங்கிய சொந்தம். அந்த லெசாஜ் கூடத்தை நடத்திய பிரான்சுவா லெசாஜின் மகன் நிறுவிய வஸ்திரகலா கூடமும் சென்னையில்தான் இருக்கிறது.

அந்த ஐரிஸ் ஜாக்கெட்டின் அகன்ற தோள்வெட்டு பழசாகிவிட்டது. பூக்கள் பழசாகவில்லை. வடிவமைப்பாளரின் பெயரோடு தைத்தவர்களின் பெயரையும் அருங்காட்சியகங்கள் எழுதி வைக்க வேண்டும்.