குச்சி அடைக்காத பெட்டி

தோழியரே, கோவில்பட்டியில் தீப்பெட்டியை அறியாதார் உண்டோ? கணினி வகுப்பில் சி++ மொழியில் 'தீப்பெட்டி' என்றோர் இனக்குழு எழுதினோம். குச்சிகள் எத்தனை என்று கேட்டால் ஏதோ லட்சக்கணக்கில் அச்சானது! நினைவகத்தில் முன்பே கிடந்த எச்சம் அது. பெட்டியைப் படைத்தோமே தவிர, குச்சி அடைக்கவில்லை.

பொருள் பிறக்கும்போதே அடைத்துத் தருவது ஆக்கி. இனக்குழுவின் பெயரே அதற்கும் பெயர். நாம் அழைக்காமலே இயங்கும். எந்த மதிப்பையும் திருப்பித் தராது. முன்னால் 'வாய்ட்' என்றும் போடக்கூடாது. (போட்டுத் திட்டு வாங்கினோம்.) 1979இல் ஸ்ட்ரூஸ்ட்ரப் தொடங்கிய மொழியில் முதலில் இதன் பெயர் 'நியூ'வாம்.

எண்ணிக்கை ஏற்கும் ஆக்கி ஒன்றை எழுதி, 40 என்று கொடுத்தோம், சரியாக வந்தது. பிறகு எண் தராமல் ஒரு பெட்டி கேட்டோம். தொகுப்பான் மறுத்துவிட்டது! நாமாக ஓர் ஆக்கி எழுதிவிட்டால், வெறும் பெட்டிக்கான ஆக்கியைத் தொகுப்பான் தானாகத் தராது. அதையும் நாமே எழுதவேண்டும்.