எந்தப் புதினா?

"புதினா வயிற்றுக்கு மருந்து என்று ஆராய்ச்சியிலேயே நிரூபித்துவிட்டார்கள்."

எந்தப் புதினா என்று கேட்க வேண்டும். நாம் சந்தையில் வாங்கும் கட்டு பெரும்பாலும் ஸ்பியர்மின்ட். அதன் மணம் கார்வோனால் வருவது; மென்தால் அதில் இல்லையென்றே சொல்லலாம். வலித்தைலத்துக்கான மென்தால், உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி, ராம்பூர் பக்கம் எண்ணெய்க்காகவே பயிரிடும் வேறொரு புதினாவிலிருந்து கிடைக்கிறது. ஆராய்ச்சிகள் பேசுவது மூன்றாவதான பெப்பர்மின்டைப் பற்றி. அதன் எண்ணெயைக் குடலுக்குப் போன பிறகே கரையும்படி உறையிட்டுக் கொடுத்தபோது, எரிச்சல் குடல் நோய்க்காரர்களுக்கு வயிற்றுவலி குறைந்தது. துவையலை யாரும் சோதிக்கவில்லை. துவையலுக்கு அந்தச் சான்றிதழ் தேவையும் இல்லை.

"நெஞ்செரிச்சலா? புதினா டீ குடி."

இதுதான் ஆபத்தான யோசனை. உப்புசத்துக்கு இதம் தரும் அதே குணம், பெப்பர்மின்டில், உணவுக்குழாயின் அடியிலுள்ள வளையத் தசையையும் தளர்த்திவிடும். அமிலம் எதுக்களிக்கும். ஏற்கெனவே அந்தத் தொல்லை உள்ளவர்கள் தள்ளியே இருக்கலாம்.

"தைலம் தடவினால் மூக்கடைப்பு திறக்கும்."

திறப்பதில்லை, திறந்ததுபோல் தோன்றுகிறது. குளிரை உணரும் நரம்பு முனைகளில் உள்ள டி.ஆர்.பி.எம்.8 என்ற ஏற்பியை மென்தால் தூண்டுகிறது. டேவிட் ஜூலியசும் ஆர்டம் பட்டபூட்டியனும் தனித்தனியே 2002இல் கண்டது இது. 2021இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. மூக்கின் வீக்கம் அப்படியே இருக்க, காற்று தாராளமாகப் போவதாக மூளை நம்புகிறது. பெரியவர்களுக்கு அந்த நிம்மதி போதும். கைக்குழந்தையின் மூக்கருகே மட்டும் தடவாதீர்கள்: குரல்வளை இறுகி மூச்சு தடைபடலாம்.

"வளர்க்க விதை வாங்க வேண்டும்."

வேண்டாம். இலை ஆய்ந்தபின் குப்பைக்குப் போகும் தண்டுகளில் தடித்தவற்றைக் கணுவுக்குக் கீழே வெட்டி, இலை நனையாமல் தண்ணீரில் நிறுத்துங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும். பக்கவாட்டில் படரும் செடி, ஆகவே ஆழத்தைவிட அகலமான தொட்டி நல்லது. சித்திரை வெயிலில் மதிய நிழல் அவசியம்.

"ஜன்னலில் வைத்தால் கொசு வராது."

சும்மா நிற்கும் செடி காற்றில் விடும் மணம் கொசுவை விரட்டக் காணாது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரிலோ டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டைகள் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள்.